இருசப்பனின் நான்கெல்லை

"இருசப்பன் இன்னும் கெணத்துலதாம்மா இருக்கான். அவன் ஏறி வந்தாத்தான பக்கம் தர முடியும்? அவன் ஏறாம நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

போனில் இப்படிச் சொன்னவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். விழுப்புரத்துக்காரர். சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் வேலை. மூக்குக்கண்ணாடி, ரத்தக்கொதிப்பு, ரேஷன் கார்டு எல்லாம் உள்ள மனிதர். கேட்டுக்கொண்டிருந்த நான் திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிறவள். இருசப்பன் எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தவன்தான். ஆனால் அவன் காகிதத்தில் மட்டும் இருக்கிறவன். கிணறும் காகிதத்தில்தான் இருந்தது. அவனை அதற்குள் இறக்கிவிட்டதும் இதே மனிதர்தான். ஏற்றிவிட ஒரு பென்சில் போதும். இதை நான் ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் கோபம் தீர ஒரு வாரம் காத்திருந்தேன்.

கல்யாணப் பத்திரிகை, காலண்டர், கட்சி நோட்டீஸ் அடிக்கிற அச்சகத்தில் முதலாளியின் ஆசைக்காக மாதம் ஒரு படக்கதை வந்துகொண்டிருந்தது. முப்பத்திரண்டு பக்கம். 'இடி இருசப்பன்' என்று பெயர். கதையும் படமும் அவர். பலூனுக்குள் எழுத்தை நிரப்புவது நான். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பதினோரு வருஷத்தில் அவரே ஒரு பக்கத்தின் மூலையில்கூடத் தன் பெயரைப் போட்டதில்லை. "அவன் கதையில எம் பேரு எதுக்கும்மா? அவனுக்குக் கூச்சமா இருக்கும்" என்பார்.

பக்கங்களைக் கூரியரில் அனுப்ப மாட்டார். "மூட்ட கட்டி லாரியில போடச் சொல்றியா அவன?" செல்போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால், "மூஞ்சி அமுங்கிடும்மா" என்பார். அதனால் ஒவ்வொரு மாதமும் நான் பாசஞ்சர் ரயிலில் ஏறி மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் எல்லாம் பார்த்துக்கொண்டு விழுப்புரம் போய், காணை ரோட்டில் ஓர் அரிசி மண்டிக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில் வாங்கிக்கொண்டு வருவேன்.

ஒருமுறை அவரே எடுத்துக்கொண்டு என்னுடன் திண்டிவனம் வந்தார். ரயிலில் நல்ல கூட்டம். பக்கங்கள் இருந்த அட்டைப் பெட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அதன் பக்கத்தில் அவர் உட்கார்ந்தார். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கூடையோடு நின்றிருந்த ஓர் அம்மா, "பெட்டியக் கீழ எறக்கி வையேம்பா, காலு கடுக்குது" என்றார். அண்ணன் உடனே எழுந்து தன் இடத்தை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, திண்டிவனம் வரை நின்றுகொண்டே வந்தார். பெட்டி காற்று வாங்கிக்கொண்டு வந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "உள்ள இன்னாம்மா, சாமியா?" என்றார். இல்லை, இருசப்பன் என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இருசப்பன் எப்படி இருப்பான் என்று சொல்லிவிடுகிறேன். மடித்துக் கட்டிய கைலி, பெரிய மீசை, மூக்கோரம் ஒரு மச்சம், தோளில் சிவப்புத் துண்டு. ஏறினால் ஊரே எழுந்துகொள்கிற மாதிரி சத்தம் போடும் புல்லட். காது கிழிந்த ஒரு நாய். செஞ்சி மலையில் வந்து இறங்கிய வேற்றுக்கிரகத்தாரைக் கரும்புக் கட்டால் அடித்துத் துரத்தினான். மரக்காணம் உப்பளத்தில் பேய் பிடித்தான். பொம்மையார்பாளையம் கடற்கரையில் வெள்ளைக்காரன் வேஷத்தில் ஒளிந்திருந்த கடத்தல்காரனை வாயில் மணலைத் திணித்து அனுப்பினான். எது செய்தாலும் செய்வான், ஒன்று மட்டும் செய்ய மாட்டான். யாரையும் கும்பிட மாட்டான். மந்திரி வந்தாலும் சரி, பேயே வந்தாலும் சரி, கை இரண்டும் தொங்கியபடியே இருக்கும்.

மயிலம் தேர்த்திருவிழாவில் நடக்கிற ஒரு கதை வந்தது. அதில் ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ள, இருசப்பன் மட்டும் நாயின் தலையில் கை வைத்தபடி நிற்கிறான். முதலாளி பதறிப்போய் அண்ணனைக் கூப்பிட்டார்.

"சாமியயாவது கும்புடச் சொல்லுய்யா. ஊரு இன்னாய்யா சொல்லும்?"

"முருகர் ஒண்ணும் கேக்கலீங்க மொதலாளி. ஊருதான் கேக்குது."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் நானே கேட்டேன். பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல் சொன்னார்.

"எங்கப்பாவுக்குத் துண்டுன்னா இடுப்புலதாம்மா. வரப்புல எவனாவது வந்தா கை ரெண்டும் தானா சேந்துக்கும். வர்றது மூணு வயசுப் புள்ளயா இருந்தாலும் சேந்துக்கும். பழகிப் போச்சு. கூலிக்குப் போவாத நாள்ல ஊட்டுக்குள்ள ஒக்காந்து இருக்கறப்பவும், வெளிய செருப்புச் சத்தம் கேட்டா சேந்துக்கும். நான் பாத்துக்கினே இருப்பேன். அவரோட போதும்னு வச்சிக்கினேன்."

பிறகு, "பலூனு சின்னதா இருக்குதா பாரு, எழுத்து நெருக்கும்" என்று பேச்சை மாற்றினார். எனக்கு அன்று பலூனே கண்ணில் படவில்லை.

அவர் மனைவி அங்கன்வாடியில் வேலை பார்த்தார். நான் போகும்போதெல்லாம் கேப்பைக் களியோ டீயோ கொடுத்துவிட்டு அவரைப் பற்றிப் புகார் சொல்வார். "எங்க ஊட்ல ரெண்டு ஆம்பளைங்கம்மா. ஒருத்தரு பேசவே மாட்டாரு. இன்னொருத்தரு அவரப் பத்தியே பேசுவாரு. நான் எங்கன்னு போயி முட்டிக்கறது?" ஒருநாள் புதுச் சட்டைத் துணி எடுத்து வந்து காட்டியபோது, அண்ணன் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவனுக்கு இந்தக் கலரு எடுக்காது" என்றாராம். சட்டை அண்ணனுக்கு.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இருசப்பனுக்குப் பெயர் வைத்ததே அவர்தான். புரூப் போட்டுக் கொடுத்ததும் கண்ணாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார். அவர் சிரிப்பது வெளியே மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். ஆனால் ஆசை வேறு, கேட்டுச் செய்வது வேறு. தன் கொல்லையில் வாழையிலை அறுக்க யாரையாவது கேட்பார்களா? அப்படித்தான் நினைத்தார்.

முதலாளி மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டு மேம்பாலத்துத் தூணில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் போர்டு. அதில் தலைவர்கள், நடிகர்கள், தாய்மாமன்கள், அவர்களுக்கெல்லாம் நடுவில் இடி இருசப்பன். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, 'வருக வருக' என்று.

அந்தக் கையை ஒட்டியது நான்தான். பழைய நோட்டீஸ் ஒன்றில் வேட்பாளர் ஒருவருடைய கூப்பிய கை இருந்தது. அதை வெட்டி இருசப்பனுக்கு வைத்தேன். மோதிரத்தை மட்டும் அழித்தேன். முதலாளி சொன்னார், செய்தேன். அப்போது ஒரு நிமிஷமாவது யோசித்தேன் என்று சொன்னால் அது பொய்.

விழாவுக்கு அண்ணனுக்கும் பத்திரிகை போயிருந்தது. மொய்க் கவரோடு பஸ்ஸை விட்டு இறங்கியவர் தூணைப் பார்த்தார். பழக்கடைக்காரரிடம் ஒரு கோணிப்பையும் ஏணியும் இரவல் வாங்கினார். ஏறி, கூப்பிய கை தெரியாதபடி கோணியைக் கட்டினார். இறங்கி, மண்டபத்துக்குப் போகாமல் தூணுக்கடியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அதுவரை அந்த போர்டை யாரும் சீந்தவில்லை. கோணி கட்டியதும் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே ஏதோ பார்க்கக் கூடாதது இருக்கிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர்கள் வந்து பார்த்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்தார்.

"இன்னாய்யா மறைச்சி வச்சிருக்க?"

"கையி சார்."

"யாரு கையி?"

"அதாங்க சார் பேஜாரே."

போலீஸ்காரர் ஏணியில் ஏறி, கோணியைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு, திருப்பி ஒழுங்காகக் கட்டிவிட்டு இறங்கினார். ஏன் கட்டினார் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் முகத்தைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதப் பக்கங்களில் இருசப்பன் முதல் கட்டத்திலேயே ஒரு கிணற்றில் இறங்கினான். படியில் உட்கார்ந்தான். முப்பத்திரண்டாம் பக்கத்திலும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். நடுவில் நாய் எட்டிப் பார்த்துக் குரைக்கிறது, ஒரு தேங்காய் விழுகிறது, வேறொன்றுமில்லை. அதற்கடுத்த மாதமும் கிணறு. மூன்றாம் மாதமும் கிணறு. ஓமந்தூரிலிருந்து ஒரு வாசகர், கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், மோட்டார் போடலாமா என்று விசாரித்துக் கடிதம் எழுதினார்.

நான்காம் மாதம் பக்கம் கேட்டு நான் போன் செய்தபோதுதான் இன்னும் ஏறவில்லை என்றார். முதலாளி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"அவன் ஏறணும்னா நான் இன்னாய்யா செய்யணும்?"

"ஒரு வார்த்த வருத்தம் சொல்லுங்க மொதலாளி."

"யாருகிட்டய்யா சொல்றது? கெணத்துகிட்டயா?"

"ஆமாங்க."

முதலாளி புதுச்சேரியிலிருந்து வேறு ஓவியரை வரவழைத்தார். அவர் போட்ட இருசப்பன் ஷாம்பு விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான். கடைக்காரர்கள் அட்டையைப் பார்த்ததுமே கட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். இனி ஒன்றாக இருக்க முடியாது, பிரித்துக்கொள்வோம் என்று முதலாளியே சொன்னார். இவனும் உழைச்சான், நானும் வளத்தேன், ஆளுக்குப் பாதி என்றார். அண்ணன், "அவன் இங்க மானமா இருக்க முடியலன்னா பிரியறதுதாங்க சரி" என்றார்.

இந்த ஊர்களில் பிரித்துக்கொள்வதென்றால் பத்திர எழுத்தரிடம்தான் போவார்கள். முப்பது வருஷமாக நிலம், மனை, கிணறு தவிர வேறெதையும் எழுதாதவர் அவர். எதிரில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல அடிக்க நான்.

"சொத்து எங்க இருக்குது?"

"பேப்பர்லங்க" என்றார் அண்ணன்.

"எல்லார் சொத்தும் பேப்பர்லதான் இருக்குது. நான்கெல்லை சொல்லுங்க."

இருவரும் விழித்தார்கள். எழுத்தருக்குப் பொறுமை இல்லை. இருசப்பன் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவரே சொல்ல ஆரம்பித்தார். தலைமுடிக்குத் தெற்கு, செருப்புக்கு வடக்கு, இடது காதுக்கு மேற்கு, வலது காதுக்குக் கிழக்கு, இதன் மத்தியில் அமைந்த முகமும், மேற்படி முகத்தில் உள்ள மீசையும், மச்சமும், மாவடை மரவடை உள்பட.

"மூஞ்சில மரம் ஏது சார், மரவடைங்கறீங்களே?" என்றேன்.

"அது இல்லாம பத்திரம் நிக்காதும்மா. அடி."

ஒருவர் பங்கு பிரித்தால் மற்றவர் முதலில் எடுப்பதுதான் வழக்கம். முதலாளி பிரித்தார். பெயர், புல்லட், நாய் ஒரு பங்கு. முகம், கழுத்து, தோள், மார்பு, வயிறு, கால், துண்டு ஒரு பங்கு. அண்ணன் யோசிக்காமல் இரண்டாவதை எடுத்தார். நாயை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதைப் பார்த்துவிட்டு எழுத்தர், வருஷத்துக்கு ஒரு கதையில் நாய் வந்துபோக வழிநடைப் பாத்தியம் உண்டு என்று ஒரு வரி சேர்த்தார். நல்ல மனிதர். அவரவர் பங்கை அவரவர் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று முடித்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். எனக்கும்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு படக்கதைகள் வந்தன. முதலாளியுடையதில் பெயர் இருக்கும், முகமும் உடம்பும் இருக்காது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து "நான்தான் இடி இருசப்பன்!" என்று பலூன் வரும். நாய் கதவைப் பார்த்து வாலாட்டும். சண்டை நடக்கும்போது புகை மட்டும் தெரியும். அண்ணன் விழுப்புரத்தில் ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த கதையில் ஆள் இருப்பான், பெயர் இருக்காது. ஊரே அவனை "யோவ்", "அண்ணாத்த", "அதோ போறாரே அவுரு" என்றே கூப்பிடும். இன்ஸ்பெக்டர் பெயர் கேட்டால் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான். வாரநாட்களில் அதற்கும் ஞாயிற்றுக்கிழமை இதற்குமாக இரண்டுக்கும் எழுத்து நிரப்பியது நான்தான். ஆனாலும் அண்ணன் நிம்மதியாக இருந்தார். "பேரு போனாப் போவுது, மானம் இருக்குதில்ல?" என்பார்.

எட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு முதலாளி மகனுக்குக் கல்யாணம் வந்தது. ஃப்ளெக்ஸில் இருசப்பன் இல்லாமல் எப்படி என்று பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். முகத்திலிருந்து கால்வரை எல்லாம் அண்ணன் பங்கில் இருந்தது. கையைக் காணோம். பங்கு பிரித்த முதலாளியும் எழுதவைத்த எழுத்தரும் சொல்ல மறந்திருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை, எதற்காக இவ்வளவு சண்டையோ அந்தக் கையை அண்ணனும் கேட்காமல் விட்டிருக்கிறார். தோள் என்றதும் அதோடு சேர்ந்தது என்று நினைத்துவிட்டாராம். முதலாளி எழுத்தரிடம் ஓடினார். எழுதாமல் விட்டது புறம்போக்கு, யார் முதலில் வேலி போடுகிறார்களோ அவர்கள் அனுபவத்தில் இருக்கும் என்று எழுத்தர் சொல்லிவிட்டார்.

முதலாளி ஜல்தியாக வேலி போட்டார். மேம்பாலத்துத் தூணில் ஆகாய நீலத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். முகமும் உடம்பும் இல்லாமல், கூப்பிய கை இரண்டு மட்டும் அந்தரத்தில். கீழே, 'வருக வருக, இவண் இடி இருசப்பன்.' மணமக்கள் படம் ஓரத்தில் சின்னதாக இருந்தது.

இந்த முறையும் கையை நான்தான் வைத்தேன். வேலையை விட்டால் வேறு அச்சகம் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிவதைவிட நானே சொல்வது மேல் என்று போன் செய்தேன்.

"ரெண்டு கையுமா?" என்றார்.

"ரெண்டும்ணே."

"வெரலு எல்லாம் சேந்து இருக்குதா?"

"சேந்துதான் இருக்குது."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார். என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கம் வாங்கப் போனேன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் பக்கங்களை நீட்டினார். முதல் கட்டத்தில் அவன் நிற்கிறான். மீசை, மச்சம், தோளில் சிவப்புத் துண்டு. சட்டைக் கை இரண்டும் காற்றில் ஆடுகின்றன. உள்ளே கை இல்லை. எப்படிப் போனது என்று அந்தப் பக்கத்திலும் இல்லை, எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அண்ணே..."

"அவனக் கேட்டேம்மா. ரெண்டு நாளா கேட்டேன். கும்புட்டுக்கினு இருக்கறதுக்கு இல்லாமயே இருந்துட்றேன்னுட்டான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரப்பர் வச்சி அழிக்கல. போடாம விட்டேன். அழிச்சா நோவும்."

உள்ளிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "இவருக்கு இனிமே இந்தக் கையால சோறு போட மாட்டேன்னு சொல்லிடும்மா. அவன் இன்னா பாவம் பண்ணான்?" அத்தனை வருஷம் அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவர் அவர். அன்று அழுதுகொண்டிருந்தார்.

கதை நன்றாகத்தான் இருந்தது. காலாலேயே உதைத்து மணல் லாரிக்காரர்களை ஓட்டினான். ஒரு கட்டத்தில் டீக்கடையில் யாரோ ஒருவர் டம்ளரை அவன் வாயில் வைத்துக் குடிக்கவைக்கிறார். "சூடு பாத்துக் குடி அண்ணாத்த" என்று பலூன். அந்த ஒரு வரியை நிரப்ப எனக்கு வெகுநேரம் ஆயிற்று. இரண்டு முறை அந்தக் கையை ஒட்டியவள் நான். அது மறக்கவில்லை.

ஜெராக்ஸ் பிரதி ஒன்றை முதலாளி மேஜையில் வைத்தேன். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. வழக்கம்போல் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். சிரிப்புச் சத்தம் வரவில்லை. கதவு திறந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ஏறும்மா வண்டியில" என்றார். விழுப்புரம் போகிற வழியில் விக்கிரவாண்டி டோல்கேட்டில், "எப்பிடிம்மா வண்டி ஓட்டுவான்?" என்று கேட்டார். புல்லட் அவர் பங்கில் இருப்பதைக்கூட மறந்துவிட்டிருந்தார்.

பதினோரு வருஷத்தில் முதலாளி அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான். அண்ணன் தரையில் பலகையை வைத்து அடுத்த மாதக் கதையைப் போட்டுக்கொண்டிருந்தார். அதிலும் கை இல்லை. முதலாளி நின்றபடியே பார்த்தார்.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்க? எப்பிடிய்யா சோறு துன்னுவான்?"

"யாராவது ஊட்டுவாங்க மொதலாளி."

"முதுகு அரிச்சா?"

அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார். முதலாளி சட்டென்று அந்தப் பலகைக்கு முன்னால் குனிந்து இரண்டு கையையும் கூப்பினார். "கும்புட்டுக் கேக்கறேய்யா. கைய குடுத்துடு அவனுக்கு. ஒன்ன இல்ல, அவனத்தான் கும்புட்றேன்."

அண்ணன் பதறி எழுந்தார். "கைய எறக்குங்க மொதலாளி! மொதல்ல எறக்குங்க. அவன் எதுர்ல யாரும் கும்புடக் கூடாது."

"அவன்தானய்யா யாரையும் கும்புட மாட்டான்?"

"அவனும் யாரையும் கும்புட மாட்டான், அவன யாரும் கும்புடவும் கூடாது. அதாங்க கதையே. பதினோரு வருஷமா படிச்சிக்கினு இருக்கீங்களே, அப்பறம் இன்னாத்தப் படிச்சீங்க?"

முதலாளியிடம் அந்த மாதிரி யாரும் பேசி நான் பார்த்ததில்லை. கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. கையை இறக்கினார். இறக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டினார். அண்ணி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். முதலாளி சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்கி, தூக்கி ஊற்றாமல் வாய் வைத்துக் குடித்தார். பிறகு தரையில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னம் சரியாக வந்திருக்கிறதா என்று பலகையைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே தூணில் ஏறி அந்த ஃப்ளெக்ஸைக் கிழித்தார்கள். மறுநாள் எழுத்தர் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதினார். இரண்டு கைகளும், விரல்கள் பத்தும், அவற்றை நீட்டவும் மடக்கவும் ஓங்கவும் உள்ள சகல பாத்தியங்களும் அண்ணனுக்கு. கூப்பும் பாத்தியம் யாருக்கும் கிடையாது என்று அண்ணன் தனியாக ஒரு வரி எழுதச் சொன்னார். அப்படி எழுதினால் பத்திரம் நிற்காது என்றார் எழுத்தர். முதலாளி, "நிக்கலன்னா உக்காரட்டும், எழுதுய்யா" என்றார்.

கை இல்லாமல் கதை வந்த மாதம், ஏன், எப்படி, யார் செய்தார்கள் என்று கேட்டு அண்ணன் வீட்டுக்கு எழுபது கடிதங்களுக்கு மேல் வந்தன. காணையிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து வாசலில் நின்று சண்டை போட்டார். அடுத்த மாதம் முதல் கட்டத்திலேயே அவன் இரண்டு கையாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். எப்படி வந்தது என்று ஒரு பலூனாவது வைக்கலாமே என்றேன். வேண்டாம் என்றார் அண்ணன். அந்த மாதம் ஒரு கடிதமும் வரவில்லை.